ரேகை திரும்பும்வரை

பாறசாலைக்கு அருகே ஒரு தனியார் மருத்துவமனையில் அரசுக் காப்பீட்டு கவுண்டர் என் பொறுப்பு. அட்டையோடு வருபவருக்கான கோரிக்கையை மருத்துவமனைதான் அனுப்ப வேண்டும். அவரிடம் பணம் கேட்கக்கூடாது. நோயாளி கைரேகை வைத்தால் போதும்.

காரோடு என்ற பக்கத்து ஊரிலிருந்து அந்த அக்காவைக் கொண்டுவந்தபோது குடலிறக்கத்தில் குடல் சிக்கியிருந்தது. ரேகை இயந்திரத்தை ஸ்ட்ரெச்சருக்கே எடுத்துப் போனேன். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்று வரிசையாகப் பத்தையும் வைத்துப் பார்த்தேன். எதையும் ஏற்கவில்லை. முனகிக்கொண்டே அவர் விரல்களைச் சேலையில் துடைத்துத் துடைத்து நீட்டினார்.

"அழுக்கு போவல்லியா மக்கா?"

அழுக்கில்லை. அண்டியாபீஸ் என்னும் முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவர். ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டு விரல்நுனிகள் வெந்து வழுவழுப்பாகியிருந்தன. ரேகைக்குப் பதில் ஓடிபி வாங்கலாமென்றால், ஆதாரில் இருந்த போன் நம்பர் எப்போதோ செத்துவிட்டது. அதை மாற்றவும் ரேகை வேண்டும்.

அவசரம் என்று மருத்துவர் எழுதித் தந்தால் முதலில் சிகிச்சை, பிறகு ரேகை. அறுவை மருத்துவர் முன்பு அப்படி எழுதி, பணம் வராமல் மேலாளரிடம் பேச்சு வாங்கியவர். பேனாவைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"இவங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள ரேகை எடுத்திருவியா?"

எடுத்துவிடுவேன் என்றேன். எப்படியென்று தெரியாது.

அக்கா பிழைத்தார். தினமும் காலையில் இயந்திரத்தோடு அவர் கட்டிலுக்குப் போனேன். வெந்நீர், தேங்காயெண்ணெய், ஈரத்துணி எல்லாம் முயன்றாயிற்று. டாக்டர் வயிற்றைப் பார்க்கிறார், இவள் விரலைப் பார்க்கிறாள் என்று பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள்.

ஒருநாள், தோலுரிந்த மோதிரவிரலில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. கொட்டையைத் தொடாத கையில் ரேகை திரும்பிக்கொண்டிருந்தது. இயந்திரம் அதையும் மறுத்தது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் போனால் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

அன்றுதான் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார்கள். கோரிக்கை போகாததால் கணக்குப் பிரிவு முழுத்தொகையையும் அக்கா பெயரில் பில்லாகப் போட்டது. அது தவறென்று சொன்னேன். ரேகையைக் கொண்டுவா, கிழித்துவிடுகிறோம் என்றார்கள்.

நான் அக்காவின் கட்டிலுக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொட்ட உடைக்கப் போவாதீங்கக்கா. தையல் ஆறட்டு. ரேகையும் வந்துகிட்டிருக்கு, போனா அழிஞ்சிரும்."

"திங்கக்கிழம அண்டியாபீஸ் தொறக்கும் மக்கா. போவாம, ரேகையையா திங்கது?"

பில்லைப் பற்றி அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. இயந்திரத்தை மறுபடி இணைத்தேன். என் முகத்தைப் பார்த்தவர், கேட்காமலேயே மோதிரவிரலைச் சேலையில் துடைத்து நீட்டினார்.