கிழவிக்குக் கிடைத்த வீடு

ஒரு கிழட்டுப் பூனைக்கு வீடு தேடிக் கொடுத்த புண்ணியவதி என்று என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எங்கள் பேட்டையான காஜா பேராங்கில் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எடுத்தாலே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமாவது மண்ணாவது! உட்கார்ந்து கேட்க முகமில்லை, அவ்வளவுதான்.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து நாலைந்து மாதம் இருக்கும். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம். நான் கிளேபாங் போகும் கடலோரச் சாலையில் ஒரு பங்களாவில் வேலை பார்த்தேன். துரைக்கு அரசாங்க உத்தியோகம். துரைசாணிக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்தக் குறைக்கு, பங்களாவின் பின்னால் கம்பிவலை அடித்த நீளக் கொட்டகை ஒன்றைப் போட்டு, ஊரார் தூக்கியெறிந்த பூனைகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். சந்தையில் வெந்நீர் பட்டது, சைக்கிளில் அடிபட்டது, கண் திறக்கும் முன்னே சாக்கடையில் கிடந்தது என்று எப்போதும் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவற்றுக்கு மீன் தலை வேகவைப்பதும் அவை வெளிக்குப் போகிற சாம்பல் தட்டு மாற்றுவதும் என் வேலை. மூன்று வருஷம் செய்தேன். வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

துரைக்கும் கப்பல் தேதி வந்தது. தை மாதக் கடைசியில் பயணம். துரைசாணி என்னைக் கூப்பிட்டு மலாயில் சொன்னாள், எல்லாப் பூனைக்கும் வீடு பார்த்துக் கொடு, உனக்கு நல்ல கடிதம் எழுதித் தருகிறேன் என்று. அந்தக் கடிதம்தான் எனக்கு உயிர். ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரி கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால் உள்ளே கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் வாசலோடு சரி. வீட்டுக்காரருக்கு மழை பெய்தால் வேலை இல்லை. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

குட்டிகள் போன வேகம் தெரியவில்லை. நொண்டிகூடப் போனது, ஒரு சீனக் கடைக்காரர் எலிக்காக எடுத்துக்கொண்டார். கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. பத்து வயதுக்கு மேலிருக்கும். சாம்பல் நிறம், ஒரு காது பாதி இல்லை, வால் நுனி கொக்கிபோல மடங்கியிருக்கும். துரைசாணி அதற்கு ஏதோ இங்கிலீஷ் ராணி பேர் வைத்திருந்தாள். எனக்கு அது கிழவி.

கிழவியை யாரும் கேட்காததற்கு வயது மட்டும் காரணமில்லை. அது பெரிய கள்ளி. செமாபோக்கில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம், நாலாம் நாள் கூடையோடு திரும்பி வந்தது. புக்கிட் காதிலில் ஒரு ஆபீஸ் கிராணி வீட்டுக்குக் கொடுத்தோம், அந்தம்மா மூன்றாம் நாளே வாசலில் வந்து நின்று கத்தினார். வலை போட்ட அலமாரிக் கதவைக் கிழவி நகத்தால் கொக்கி போட்டு இழுத்துத் திறக்கும். மூடின தட்டை மூக்கால் தள்ளும். சத்தம் வராது. தின்றுவிட்டு ஒன்றும் அறியாத முகத்தோடு போய்ப் படுத்துக்கொள்ளும். இந்தச் சாமர்த்தியமெல்லாம் எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும்.

துரைசாணி சொல்லிவிட்டாள்: "இதற்கும் வீடு கிடைக்கவில்லையென்றால் மிருக டாக்டரிடம் கொண்டுபோய் ஊசி போட்டுவிடுகிறேன். தெருவில் விடமாட்டேன்." சொல்லும்போதே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நான் அழுதது பூனைக்காகப் பாதி, கடிதத்துக்காகப் பாதி.

எங்கள் அறைவீடுகளுக்கு அந்தப் பக்கம் செட்டிகளின் கிராமம், செட்டிக் கம்பம். அங்கிருப்பவர்கள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். நடுநடுவே தமிழ்ச் சொல் வந்து விழும். அங்கே புருஷனை இழந்த ஒரு பெண்மணி, மகன், நிறைமாதத்துக்கு இரண்டு மாதம் பாக்கியிருந்த மருமகள். மூன்றே பேர். அந்த மூத்தவளை அங்கே எல்லோரும் அழைப்பதுபோல நானும் பிபிக் என்பேன், நம் ஊரில் அத்தை என்கிற மாதிரி. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் எலித் தொல்லை. போய் உட்கார்ந்தேன். நாங்கள் பேசியது மலாய்தான், நினைவில் மட்டும் தமிழாக வருகிறது.

"வயசென்ன?" என்று பிபிக் கேட்டாள்.

"நாலு, அஞ்சு இருக்கும்லா."

"திருடுமா? எங்க வீட்டுல திருடுற பூனை ஆகாது. பெரியவங்களுக்குப் படைக்கிற பார்ச்சு வருது. சாமானெல்லாம் வெளியில இருக்கும்."

"ஐயோ பிபிக், அது துரைசாணி வளர்ப்பு! தட்டுல வெச்சாத்தான் தொடும். பக்கத்துல மீனை வெச்சிட்டுப் போனாக்கூட மூஞ்சைத் திருப்பிக்கும்."

நாக்கு கூசவில்லை. பச்சைப் பொய், அதுவும் சிரித்துக்கொண்டே. பிபிக் கூடையைத் திறந்து பார்த்து, "காது போனதுக்கு நல்ல முகம்" என்றாள். மருமகள் குனிய முடியாமல் குனிந்து அதன் தாடையைத் தடவினாள். கிழவி கண்ணை மூடிக்கொண்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

ஒரு வாரம் நல்லபடியாகப் போனது. நான் தினமும் வேலை முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்ப்பேன். பாசம் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் முதலில் பார்த்தது அவர்கள் அலமாரிக் கதவை. மருமகள் தன் பங்கு மீனில் பாதியைக் கிழவிக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள். அதனால்தான் அது கைவரிசையைக் காட்டவில்லை போலும்.

அப்புறம் போகி வந்தது. அன்றைக்குத்தான் அவர்கள் பார்ச்சு கொடுப்பார்கள். செத்துப்போன பெரியவர்களுக்கு அவரவர் உயிரோடு இருந்தபோது பிடித்ததையெல்லாம் சமைத்து, வாழையிலை போட்டுப் பரிமாறி, சாம்பிராணி காட்டி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். பெரியவர்கள் வந்து சாப்பிடும்வரை உயிருள்ளவர் ஒரு பருக்கை தொடக்கூடாது. அவர்களுக்கு முன்னால் வாயில் வைப்பது மகா பாவம். பிறகு கதவைத் திறந்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். என்னையும் அழைத்திருந்தாள் பிபிக். பூனை கொடுத்த மரியாதை.

பிபிக்கின் செத்துப்போன புருஷனுக்கு முழு வவ்வால் மீன் பொரியல் என்றால் உயிராம். அவர் படத்துக்கு முன்னால் மேசைமேல் வெள்ளைத் துணி தரைவரை தொங்க, நடு இலையில் பெரிய மீன் இருந்தது. சாம்பிராணி காட்டிவிட்டுக் கடைசியாக வெளியே வந்தவள் மருமகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து கதவைச் சாத்தினாள். நாங்கள் பத்துப் பேர், அக்கம்பக்கத்து உறவுகளும் சேர்த்து, முன்வாசலில் நின்றோம்.

பிபிக் கதவைத் திறந்தபோது மீனில் பாதி இல்லை. முதுகுப் பக்கம் முழுசாகப் போயிருந்தது. துணியில் எண்ணெய் சொட்டியிருந்தது. ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. பின்பக்கத்துப் பாதிக்கதவு மட்டும் ஒரு கை அகலம் திறந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வலை அலமாரிக் கதவைத் திறக்கிற கைக்குப் பாதிக்கதவு எந்த மூலைக்கு?

"கடைசியா வந்தது யாரு?" என்றாள் பிபிக்.

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அந்தப் பெண்ணின் விரலெல்லாம் மஞ்சளும் எண்ணெயும். இருக்காதா? காலையிலிருந்து மீன் பொரித்தவள் அவள்.

"பசிச்சா எங்கிட்டக் கேட்டிருக்கலாமே! நான் என்ன கொடுமைக்காரியா? அவர் மீனா கிடைச்சுது உனக்கு? வருஷத்துல ஒரு நாள் வர்றாரு, எச்சிலையா திங்கணும் அவரு?" பிபிக் கத்தவில்லை. அழுதாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. மகன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

பாதிக்கதவின் இடுக்கு வழியாக எனக்குக் கிணற்றடி தெரிந்தது. கிணற்றுக் கட்டின்மேல் கிழவி உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. ஒரு காலால் மூக்கை, இன்னொரு காலால் மீசையை. நிதானமாக.

வாய் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். 'பிபிக், அது பூனை, நான் பொய் சொல்லிட்டேன்' என்பது எத்தனை சின்ன வாக்கியம்! ஆனால் வருகிற வெள்ளிக்கிழமைதான் துரைசாணி கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தாள். பூனை திரும்பினால் ஊசி, கடிதம் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு ஜீவனைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடினேன். அந்தப் பெண் தலை நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் எடுத்தேன்" என்றாள்.

அன்றைக்கு எனக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டேன். வெட்கங்கெட்டவள், ரசித்துச் சாப்பிட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை துரைசாணி கடிதம் கொடுத்தாள். கிழவிக்கு வீடு கிடைத்ததே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். எங்கள் வரிசையில் இங்கிலீஷ் படித்த ஒருவர் அதைப் படித்து அர்த்தம் சொன்னார். இவள் உண்மையே பேசுகிறவள், என் பிரியமானவற்றை இவள் கையில் தயங்காமல் ஒப்படைப்பேன் என்று எழுதியிருந்தாளாம். "அடேயப்பா, இப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை" என்றார் அவர். காஜா பேராங் முழுக்கச் சொல்லியும் விட்டார்.

வேலை கிடைத்தது. கிடைத்த பிறகுதான், கவனியுங்கள், கிடைத்த பிறகுதான் எனக்கு மனசாட்சி வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் செட்டிக் கம்பத்துக்குப் போனேன். பிபிக் கோயிலுக்குப் போயிருந்தாள். மருமகள் கிணற்றடியில் முக்காலி போட்டு மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கிழவி அவள் காலடியில். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். வயது பொய், குணம் பொய், அன்றைக்குப் பார்த்தும் சும்மா இருந்தது, கடிதம், எல்லாம்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும் அக்கா. பூனையை நானும் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்மா நீ பழியை ஏத்துக்கிட்டே?"

"பூனைன்னு சொன்னா அன்னைக்கே சாக்குல கட்டி, மூணு சுத்துச் சுத்தி, எங்கேயாவது கொண்டுபோய் விட்டிருப்பாங்க. இந்த வயசுல அது எங்கே போகும்? வாயும் வயிறுமா இருக்கிற என்னைத் திட்டுவாங்க, துரத்தவா போறாங்க?" ஒரு குடலை எடுத்துக் கிழவிக்குப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமில்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க பார்த்ததையும் நான் பார்த்தேன் அக்கா. நீங்க சொல்லிடுவீங்கன்னு கொஞ்ச நேரம் காத்திருந்தேன்."

காலில் விழுந்திருப்பேன், அவள் விடவில்லை. பிபிக் வரட்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம்லா. சொன்னா உங்க மனசு லேசாயிடும், இது வீடு போயிடும். நான் ஒருத்தி திட்டு வாங்கினது வீணாப் போகணுமா? நீங்களும் சும்மா இருங்க."

சும்மா இருப்பதுதான் எனக்கு நன்றாக வருமே! இருந்தேன்.

கிழவி அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தது. பிறந்த பெண் குழந்தையின் தொட்டிலுக்கடியில்தான் படுக்கை. ஒரு நாள் தூக்கத்திலேயே போனது. பிபிக்கே கொய்யா மரத்தடியில் குழி தோண்டச் சொல்லி, "தங்கமான பூனை, ஒரு நாள் ஒரு பொருளைத் தொட்டதில்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பூனை போன பிறகாவது சொல்லியிருக்கலாம். மருமகள் கேட்டுக்கொண்டது பூனை இருந்தவரைதானே? அந்தக் கணக்கு எனக்குத் தெரியாமலில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். பிபிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் இருந்தவரை ஒவ்வொரு போகிக்கும் என்னைக் கூப்பிடுவாள். சாம்பிராணி காட்டி முடிந்ததும் அத்தனை பேர் முன்னாலும் மருமகளைப் பார்த்து, "நீ முதல்ல வெளியே போ" என்பாள். உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தபடி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். அப்புறம் பிபிக் என் பக்கம் திரும்புவாள்.

"கடைசியா நீ வாம்மா. கதவை நீயே சாத்து. வெள்ளைக்காரியே எழுதிக் கொடுத்தவ நீ."

நான் கதவைச் சாத்திவிட்டு வருவேன்.