ஆறாவது அறையின் ஜன்னல்

என் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் தூக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். விழித்திருக்கும்போது அவள் கண்ணில் படுகிற ஆளே இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. எதிரே ஒருத்தி இரண்டு முனையைப் பிடிக்க, இவள் இரண்டு முனையைப் பிடித்து, உதறி, மடித்து, ஒரு தட்டுத் தட்டி அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அவள் விரல்கள் மடியில் எதையோ மடித்துக்கொண்டிருக்கும். பேச்சு குறைவு. அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்?

ஆனால் தூங்கினால் அக்கா பேசுவாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிடுறேன் சார்" என்பாள். தெளிவாக, மரியாதையாக. பக்கத்தில் படுத்திருக்கும் மாமா, "சரிம்மா, மெதுவா கட்டுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று அந்த சாரின் இடத்தில் இருந்து பதில் சொல்வார். அதைக் கேட்டுவிட்டு அவள் திரும்பிப் படுப்பாள். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற என் மாமாவைப் போல இரக்கமுள்ள பேங்க் அதிகாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தக் கடனில் பெரும்பங்கு என் இடது முழங்காலில் இருக்கிறது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன், தகடு வைத்தார்கள், அக்கா கிரெடிட் கார்டை நீட்டினாள். அது போதாமல் இன்னொரு கார்டு. அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜ் செத்தது, அக்காவின் குழந்தைக்குக் கண்ணாடி போட வேண்டியிருந்தது, கார்டுதான் இருக்கிறதே என்று தேய்த்தோம். இரண்டு வருஷம் மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டிவிட்டு, கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். என்ன அறிவு பாருங்கள்.

ஒருநாள் அக்கா ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக் குழந்தையின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படித்தாள். இப்படியே மினிமம் கட்டினால் முடிய இன்னும் பதினேழு வருஷம் ஆகும் என்று போட்டிருந்தது. "குட்டிக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு" என்றாள். துணி வெட்டுகிற கத்திரியை எடுத்து இரண்டு கார்டையும் நறுக்கினாள். நான் அழுதேன். என் காலைத்தான் நறுக்குகிறாள் என்பது போல இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். வாழ்ந்து பார்த்தால்தான் அந்த வரி எவ்வளவு நீளம் என்று தெரியும். மாமா டிப்போவுக்கு சைக்கிளில் போனார். எல்லாருக்கும் முடி வெட்டியது நான். மாமா இரண்டு வாரம் தொப்பியோடு திரிந்தார். ஜெராக்ஸ் கடையில் எனக்கு வரும் சம்பளத்தில் பாதியை அக்காவிடம் கொடுத்தேன். சம்பள நாளன்று அவள் பேங்குக்குப் போய்க் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் பணத்துக்குக் கால் முளைத்துவிடும் என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரும்பாடு. எட்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு காசில்லாமல் எங்கே போவது? அப்படித்தான் அந்தப் பெரிய ஃபர்னிச்சர் கடைக்குப் போக ஆரம்பித்தோம். உள்ளே ஏசி. கதவைத் தாண்டினால் தெருச் சத்தம் அப்படியே அறுந்துபோகும். இரண்டாவது மாடியில் வரிசையாக ஏழு அறைகள் ஜோடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றே சுவர். டிவி அட்டை. ஆப்பிள் பிளாஸ்டிக். அலமாரிப் புத்தகங்களுக்குள் ஒரு எழுத்துகூடக் கிடையாது. மாமா அதில் ஒன்றை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்றாவது அறையின் சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பிடித்த புத்தகம் அதுதான் என்று நினைக்கிறேன். குழந்தை ஐந்தாவது அறையில் குடியிருந்தாள். நாங்கள் உள்ளே போக அவளிடம் அனுமதி கேட்க வேண்டும்.

அக்காவுக்கு ஆறாவது அறை. அங்கே ஒரு அகலக் கட்டில், வெள்ளை மெத்தை, தலைமாட்டில் ஒரு ஜன்னல். நிஜ ஜன்னல் இல்லை. மரச்சட்டத்தில் பால் நிறத்து பிளாஸ்டிக் பலகை, பின்னால் ஒரு விளக்கு. அந்த வெளிச்சம் எப்போதும் சாயங்காலம் நாலரை மணியாகவே இருக்கும். எங்கேயோ ஒளித்துவைத்த சின்ன மின்விசிறி திரைச்சீலையைத் தூக்கித் தூக்கி விடும். எங்கள் வீட்டில் அக்கா படுப்பது உள்ளறை, அதற்கு ஜன்னலே கிடையாது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலின் ஓரத்தில், பஸ்ஸில் பாதி சீட் கிடைத்தவள் போல உட்கார்ந்து அந்த ஜன்னலைப் பார்ப்பாள்.

"அங்க என்னக்கா தெரியுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. அதான் நல்லாருக்கு" என்றாள்.

அந்த மாடிக்குப் பொறுப்பாக ஒரு டைக்காரர் இருந்தார். கழுத்தில் டை, முகத்தில் கவலை. ஏழு மாதம் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டார். "வாங்குறீங்களா, இல்ல சும்மா பாக்குறீங்களா?"

"பாக்காம எப்படிங்க வாங்குறது?" என்றேன்.

"ஏழு மாசமாவா பாப்பாங்க?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் கண்ணு கொஞ்சம் மெதுவா வேலை செய்யும்."

மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இல்லையென்றால் அன்றைக்கு இன்னும் நாலு கேட்டிருப்பேன்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, அக்கா அந்தக் கட்டிலில் தூங்கிப்போனாள். ஓரத்தில் உட்கார்ந்தவள் எப்போது சாய்ந்தாள் என்று தெரியவில்லை. திரைச்சீலை அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் போனது. டைக்காரர் வந்தார். நான் சண்டைக்குத் தயாராகி எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. போர்வைமேல் கிடந்த அக்காவின் கைகளைப் பார்த்தார். சூட்டிலும் சலவை மருந்திலும் தோலுரிந்த கைகள். போய் ஒரு அட்டைப் பலகையை எடுத்து வந்து கால்மாட்டில் வைத்தார். "விற்கப்பட்டது" என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஜோடி வந்தது. "மன்னிக்கணும், இது வித்துப்போச்சு" என்றார் அவர்களிடம். அந்தக் கணவன் அக்காவை எட்டிப் பார்த்து, "இவங்களோடவா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். நான் கிட்டேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றே முடிவு செய்துவிட்டேன், அந்தக் கட்டில் அவளுக்கு வேண்டும். என் காலுக்காகப் போன தூக்கம் அது. நான்தான் திருப்பித் தர வேண்டும்.

இரண்டு வருஷம் போனது. கடன் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், ஏழு அறைகளையும் கலைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது அறையில் சுவரே இல்லை. குழந்தை தன் வீடு இருந்த இடத்தில் நின்று விழித்தாள். டைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். "நல்லவேளை வந்தீங்க. காட்சிக்கு வெச்ச சாமான் எல்லாம் பாதி விலை. இன்னிக்கு ஒருநாள்தான். அந்தக் கட்டிலை வேற யாருக்கும் காட்டாம வெச்சிருக்கேன். கையில இல்லன்னா பரவால்ல, மாசா மாசம் கட்டலாம்."

அக்கா ஆறாவது அறைக்குப் போனாள். ஓரத்தில் உட்காராமல், முதல்முறையாக நடுவில் நீட்டிப் படுத்தாள். கண்ணை மூடினாள். அவள் முகத்தில் ஆசையை அவ்வளவு பச்சையாக நான் அதுவரை பார்த்ததில்லை. மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் பையிலிருந்து கார்டை எடுத்தேன். என் பெயரில், புத்தம் புதுசு. மூன்று வாரம் முன்பு காதும் காதும் வைத்தாற்போல் வாங்கி வைத்திருந்தேன். "எழுந்திரிக்காதக்கா. இது உன்னோடது. நான் கட்டிக்கிறேன்" என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கார்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தத் தெரியாதவள். என் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், விரிப்பு மடிக்கிற மாதிரி.

"இதுல படுத்தா யார்டி தூக்கத்துல பேசறது? நீ பேசுவ. பக்கத்து ரூம்ல படுத்து நான் அதைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"உனக்கு இது பிடிச்சிருக்கில்லக்கா."

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். "அதுக்கென்ன இப்ப."

செருப்பைப் போட்டுக்கொண்டு டைக்காரரிடம் போனாள். "சார், அந்த ஜன்னல் என்ன விலை?"

"அது விக்கிற சாமான் இல்லீங்க. குப்பைக்குப் போகுது."

"அப்ப அந்தக் குப்பையைக் குடுங்க."

அவர் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். விளக்கு, ஒயர், அந்தச் சின்ன மின்விசிறி, திரைச்சீலை, எதையும் விடவில்லை. மாமா அதை சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னலை எங்கே கூட்டிப்போகிறீர்கள் என்பது போலப் பார்த்தார்கள். வீட்டில் பிரித்தபோது சட்டத்துக்குள் அந்த "விற்கப்பட்டது" பலகையும் செருகியிருந்தது. டைக்காரர் அதை எப்போது செருகினாரோ.

என் கார்டை மறுநாளே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா கடைசிப் பணத்தைக் கட்டிவிட்டு மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். ரசீதை ஃப்ரிட்ஜ்மேல் வைத்து அதன்மேல் உப்பு டப்பாவை வைத்தாள். "அஞ்சு நிமிஷம் படுக்கிறேன்" என்று உள்ளறைக்குப் போனாள். தரையில் அதே பழைய மெத்தை, சுவரில் அந்த ஜன்னல். விளக்கைப் போட்டதும் அறையில் நாலரை மணி வெயில் விழுந்தது. ஐந்தரை ஆகியும் அவள் எழவில்லை. மாமா வேலையிலிருந்து வந்தார், குழந்தை சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள். நான் உள்ளறை வாசலில் உட்கார்ந்து அந்தப் பலகையைத் தூக்கிக் காட்டினேன். இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. கார்டு கம்பெனி. முன்பெல்லாம் அந்த மணிக்கு அவள் ஆழ்ந்த தூக்கத்திலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். உள்ளே பார்த்தேன். திரைச்சீலை அசைந்தது, அவள் அசையவில்லை. போனை எடுத்துக்கொண்டு தெருவாசலுக்கு வந்தேன்.

ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். கடனை அருமையாக முடித்துவிட்டார்களாம், அதனால் இருமடங்கு தொகைக்குப் புதுக் கார்டு தருகிறார்களாம், மேடத்திடம் ஒரு நிமிஷம் பேச முடியுமா என்றாள். ஐந்து வருஷமாக இவர்களுக்கென்று சேர்த்து வைத்த வார்த்தைகள் என்னிடம் நிறைய இருந்தன. அதில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை.

"அவங்க தூங்குறாங்க" என்றேன்.

"எப்ப எழுந்திரிப்பாங்க மேடம்? நான் அப்பறமா கூப்பிடட்டுமா?"

"வேணாங்க" என்றேன். "அவங்க நல்லாத் தூங்குறாங்க."