ஜோசேலியா எழுதிய பிற்பகல்கள்

மலம் போனதா, எத்தனை மணிக்கு, இளக்கமா இறுக்கமா: காலை ஏழு மணிக்கு எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள ஜோசேலியா எழுதியதில் இரண்டு பக்கம் கடக்க வேண்டும்.

பார்பசேனா என்ற ஊரில், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் அனாக்லேத்துவை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். அவருக்கு அப்போது தொண்ணூற்றொரு வயது. காலை ஏழிலிருந்து ஒன்று வரை நான், ஒன்றிலிருந்து ஆறு வரை ஜோசேலியா, இரவுக்கு அவர் மகள் மரில்டா. மேஜை மேல் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கும். பிரஷர், மாத்திரை, சாப்பாடு, சிறுநீர், மலம் என்று ஒருவர் எழுதிவிட்டுப் போக, அடுத்தவர் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவார். பராமரிப்புப் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். என் குறிப்பு நாலு வரியைத் தாண்டாது.

ஜோசேலியா நாற்பத்துநாலு வயதுக்காரி. பத்து வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். அவள் குறிப்பு இப்படி இருக்கும்:

"3.00: பிரஷர் 130/80. பாதி வாழைப்பழம் சாப்பிட்டார். மீதியைக் கிளிக்குக் கொடுத்தார். கிளி அவரை ஒரு பார்வை பார்த்தது. 4.00: டாமினோவில் ஜெயித்தார். எப்படி என்று எழுத மாட்டேன், காலையில் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். 5.30: நீலத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி வாசலில் வந்து, அனாக்லேத்து இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இவர் இல்லை என்று சொல்லச் சொன்னார். மீதி நாளைக்கு, என் நேரம் முடிந்தது."

மரில்டா அதை வேலைக்குக் கிளம்பும்போது நின்றபடியே படிப்பாள். இரண்டு முறை பஸ்ஸைக் கோட்டைவிட்டிருக்கிறாள். அனாக்லேத்து காபியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். தொப்பி நீலமில்லை, பச்சை என்று திருத்தமும் போடச் சொல்வார். இப்படி எழுதாதே என்று அவளை நான் பல முறை கண்டித்தேன். ஆனால் அந்தப் பெண்மணி யார் என்று மறுநாள் ஜோசேலியா உள்ளே நுழையும் முன்பே கேட்டதும் நான்தான்.

இவ்வளவு எழுதுகிறவளுக்குப் பள்ளிக்கூடக் கட்டுரை மட்டும் வரவில்லை. பதினாலு வயதில் விட்ட படிப்பை, பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் மறுபடி பிடித்திருந்தாள். காரணம் ஊசி. எங்களுக்கு ஊசி போட அனுமதி கிடையாது. வாரம் ஒரு முறை வைட்டமின் ஊசி போட வரும் நர்ஸ், ஜோசேலியாவைத் துணி காயப்போடும் கொடியைப் போல ஒதுக்கிவிட்டுப் போவாள். நர்சிங் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தால் அந்த ஊசியைத் தானே பிடிக்கலாம். இலவச இடம் காத்திருந்தது, டிசம்பர் பாதி வரைதான். அதற்குள் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். எல்லாப் பாடமும் முடிந்து கட்டுரை ஒன்றுதான் பாக்கி. இரண்டு தடவை அதில் தோற்றிருந்தாள்.

வாத்தியார் எவெர்தோனுக்கு இருபத்தெட்டு வயது. சமுதாயத்தில் வாசிப்பின் முக்கியத்துவம் பற்றி முப்பது வரி என்பார். இவள் நாலு வரி எழுதிவிட்டுத் தூங்குவாள். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். பீன்ஸ் கிண்ணத்தை வழித்துக்கொண்டே, எப்போதும் போல என்னை மரியாதையாகத் தோனா போட்டுச் சொன்னாள்:

"அங்க எழுதறதைப் படிக்க யாரும் காத்துக்கிட்டு இல்லையே, தோனா நில்சா. மார்க் போட்டாரு, மூடி வெச்சாரு. இங்கன்னா காலையில நீங்க படிச்சுட்டுக் கோபப்படுவீங்க. கோபப்பட ஒரு ஆளு இருந்தாத்தான் எனக்குக் கையே ஓடுது."

வகுப்பில் எல்லாருக்கும் இதே கஷ்டம்தான் போல. யாரோ ஒரு மாதிரிக் கட்டுரையை வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். எந்தத் தலைப்பையும் அதில் செருகலாம். முதல் வரியில் ஒரு ஜெர்மன் தத்துவஞானி வருவார். அந்த வாரம் பத்தொன்பது கட்டுரையில் அதே தத்துவஞானி வந்து நின்றார். அவர் அப்படி என்னதான் சொன்னார் என்று எவெர்தோன் கேட்டிருக்கிறார். செத்தவரைப் பற்றிப் பின்னால் பேசுவது தப்பு என்று வகுப்பிலிருந்த கசாப்புக்கடைக்காரர் எழுந்து பதில் சொன்னாராம்.

அதன்பின் எவெர்தோன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்: கட்டுரை ஒரு பிரச்சினையைச் சொல்ல வேண்டும், கடைசியில் அதற்குத் தீர்வும் வேண்டும், தினமும் எழுதிப் பழகுங்கள். ஜோசேலியா பழகினாள். எங்கள் நோட்டில்.

"இன்றைய சமுதாயத்தில் மலச்சிக்கல் ஒரு பெரும் சவாலாக விளங்குகிறது என்பதில் ஐயமில்லை. முதியோர் நலன் புறக்கணிக்கப்படுவது வேதனைக்குரியது. ஆகவே உரியவர்கள் பப்பாளியின் வாயிலாக விழிப்புணர்வை ஏற்படுத்துவது காலத்தின் கட்டாயம். மாத்திரைகளும் உரிய நேரத்தில் வழங்கப்பட வேண்டும்."

வழங்கப்பட வேண்டும், சரி. வழங்கப்பட்டதா? அன்று காலை பிரஷர் 170/100. மரில்டாவுக்கும் தெரியவில்லை. அனாக்லேத்துவைக் கேட்டேன். கொடுத்தாள் என்றார், நான் உற்றுப் பார்த்ததும், கொடுக்கவில்லை, உனக்கு எது வசதியோ அது என்றார். ஜோசேலியா போனை எடுக்கவில்லை. அவள் ஏற்கெனவே கொடுத்திருந்து, இரண்டாவது மாத்திரையும் உள்ளே போய்ப் பிரஷர் கீழே விழுந்தால் ஆளும் விழுவார். சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். பொறுத்து அளக்கச் சொன்னார்கள். அரை மணிக்கு ஒரு தரம் அளந்துகொண்டு உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். ஐந்து மணிக்கே கொடுத்தாளாம். பிரஷர் ஏறியது ரேடியோவில் கேட்ட கால்பந்துச் செய்தியால்.

ஒரு மணிக்கு அவள் வந்ததும் நோட்டை விரித்து நீட்டினேன்.

"குடுக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க. நீ குடுத்தியா? யாரு குடுத்தா, என்ன குடுத்தா, எத்தனை மணிக்கு, தண்ணியிலயா தயிர்லயா, எதுக்காக? இந்த அஞ்சும் இல்லேன்னா அது குறிப்பு இல்ல, தேர்தல் பேச்சு."

அவள் பையைக் கீழே வைத்தாள். "மறுபடி சொல்லுங்க."

"எதை? திட்டினதையா?"

"ஆமா. அதே வரிசையில."

சொன்னேன். பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொடப் போனேன்.

"வாத்தியாரு ஒரு வருஷமா தீர்வு, தீர்வுன்னு இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு" என்றாள். "யார் செய்யணும், என்ன, எப்படி, எதுக்குன்னு. நான் அவரு ஏதோ பெரிய விஷயம் கேக்கறாருன்னு நினைச்சுட்டேன்."

தேர்வு டிசம்பர் முதல் சனிக்கிழமை. தலைப்பு, நகரப் போக்குவரத்தின் சவால்கள். திங்களன்று வந்து என்ன எழுதினாள் என்று ஒப்பித்தாள். காலை ஐந்து நாற்பது பஸ்ஸை அடுத்த ஆளிடம் ஒப்படைப்பதாக நினைத்துக்கொண்டு, நடந்ததை நேரம் போட்டு எழுதியிருக்கிறாள். பையில் கோழியோடு ஏறிய ஒருத்தி, மருத்துவமனை நிறுத்தத்தில் முழுசாக நிறுத்தாத ஓட்டுநர், ஓடுகிற குதிரையிலிருந்து குதிப்பது போல இறங்கும் கிழவிகள். தீர்வு: ஓட்டுநர், வண்டியை நிறுத்தி, பத்து எண்ணி, பிறகு எடுக்க வேண்டும், இன்னொரு இடுப்பு எலும்பு உடையாமலிருக்க. முப்பதாவது வரி நிரம்பிவிட்டதால் கோழியின் கதி சொல்லவில்லையாம்.

கோழியை அந்தரத்தில் விட்டவளுக்கு மார்க் கிடைக்காது என்றார் அனாக்லேத்து. மரில்டா புனித ரீத்தாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். நான் மாத்திரைப் பெட்டியை நிரப்பினேன்.

வியாழன் பிற்பகல் பள்ளிப் பலகையில் மார்க் ஒட்டுவதாக இருந்தது. வெள்ளி காலை ஏழு மணிக்கு நான் போனபோது மரில்டா கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அன்றைக்கும் பஸ் போய்விட்டிருந்தது. அனாக்லேத்து கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு ஜோசேலியா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா" என்றார். "படி."

படித்தேன். "2.00: பிரஷர் 130/80. 3.10: மரில்டா லீவில் இருந்ததால் இவரை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். 3.25: பலகையைக் கசாப்புக்கடைக்காரரின் முதுகு மறைத்தது. 4.00: திரும்பினேன். டாமினோ கேட்டார், தோற்றார், ஆட்டம் செல்லாது என்றார். 4.30: வாழைப்பழம் முழுசு. கிளிக்கு ஏமாற்றம். 5.00: பிரஷர் மாத்திரை, நான் கொடுத்தேன், ஒன்று, தயிரில், பிரஷர் குறைய. 5.20: நீலத் தொப்பி மறுபடி வந்தது. இந்த முறை உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னார். 5.40: கட்டுரைக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று. விடைத்தாளின் ஓரத்தில் வாத்தியார் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: கோழி என்ன ஆனது? நர்சிங் படிப்பில் சேரத் திங்கள் பகல் இரண்டு மணிக்கு விண்ணப்பம் தர வேண்டும், வரிசை நீளமாக இருக்குமாம். மீதி நாளைக்கு, என் நேரம் முடிந்தது."

கீழே எழுதினேன்: "7.15: படித்தேன். திங்கள் ஆறு மணி வரை நானே பார்த்துக்கொள்கிறேன். மலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை."