சிவப்பு தெரியாதவர் அடித்த கத்தி

திண்டிவனத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பாயிண்ட்ஸ்மேன் வந்து சொன்னார்: "உங்க சவரிமுத்து அண்ணன் தவறிட்டாருங்க. விழுப்புரத்துல நாளைக்குக் காலைல அடக்கம்." தண்ணீர் வழிந்து என் காலை நனைத்தது கூட எனக்கு உறைக்கவில்லை. விழுப்புரம் எஞ்சின் ஷெட்டில் அண்ணனோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களிடம் நான் மறைத்த ஒன்றும் இதில் வரும்.

அவர் எஞ்சின் ஓட்டினார், நான் கரி தள்ளினேன். ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரம், திண்டிவனத்துக்கு வெளியே கைகாட்டி மரத்தில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அண்ணன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் கூச்சல் போட்ட பிறகுதான் பிரேக்கைப் பிடித்தார். எதிரே கூப்பிடு தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றது. "பச்சைன்னு நெனச்சேன்" என்றார். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். பகலில் கைகாட்டியின் கை இறங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஓட்டிவந்திருக்கிறார். மறுநாள் நான் ஷெட் போர்மேனிடம் சொன்னேன். நூல்கண்டுகளைக் காட்டி நிறம் கேட்டார்கள், எஞ்சினிலிருந்து இறக்கிவிட்டார்கள். கோள் சொன்னவன் எவன் என்று ஷெட்டே பேசியது. நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய வீரன் நான்.

ஷெட் கூட்டும் வேலை தருவதாகச் சொன்னார்கள். அது வேண்டாமென்று, நாற்பது வயதில், கத்தி அடிக்கப் பழகினார். ஒரு கொட்டகை, ஒரு துருத்தி, வண்டிகளிலிருந்து கழித்துப் போட்ட வில்பட்டைகள். பக்கத்துக் கொல்லர் சொல்லித்தந்தது ஒரே வரி: "நல்லா செவந்ததும் தண்ணில வுடு." நான் தலையில் அடித்துக்கொண்டேன். சிவப்பு தெரியாமல் வேலை இழந்தவருக்கு வேறு தொழிலா கிடைக்கவில்லை?

முதல் கத்தி தண்ணீரில் விட்டதுமே விரிசல் கண்டது. அடுத்தது தேங்காய் உடைக்கப் போய் வளைந்தது. மூன்றாவதைப் பெருமுக்கல் பக்கம் பனை ஏறும் ஏழுமலை பாளை சீவ வாங்கிப் போனார். மர உச்சியில் அது முறிந்து அவர் கையைக் கிழித்தது. கட்டுப் போட்ட கையோடு வந்து, "நான் வுழுந்திருந்தா எம் புள்ளைங்களுக்கு யாரு சவரி? இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா வேற வேலை பாத்துக்க" என்றார். அண்ணன் மூன்று நாள் துருத்தியைத் தொடவில்லை.

பிறகு, யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் முடங்கிய லாரி ஒன்றிலிருந்து காந்தம் கழற்றி வந்தார். இரும்பு வேண்டிய அளவு காய்ந்தால் காந்தம் அதைப் பிடிக்காது என்று லாரிக்காரர் சொன்னாராம். காந்தம் பிடியை விட்டதும் கத்தியை எண்ணெயில் தோய்த்தார். அதோடு நிறுத்தினால் முறியும். இளஞ்சூட்டில் மறுபடி காய்ச்சிப் பதப்படுத்த வேண்டும். கொல்லர்கள் அதற்கும் நிறம்தான் பார்ப்பார்கள். அண்ணனோ மணல் சட்டியில் மல்லாட்டையோடு கத்தியையும் புதைத்து வறுத்தார். கடலைத் தோல் தீயும் வாசனை எட்டிப் பார்த்ததும் சட்டியை இறக்கினார். "எனக்கு மூக்கு இருக்குதுல்ல, அது போதும்" என்றார். பல கத்திகள் கெட்டன. மல்லாட்டை ஒருமுறையும் கெடவில்லை; எல்லாவற்றையும் தின்றவன் நான்தான்.

கடைசியில் ஆள் விட்டு ஏழுமலையை வரவழைத்தார். ஏழுமலை காய்ந்த பனைமட்டையின் கருக்கைச் சீவிப் பார்த்தார். கத்தியின் வாய் மடியவில்லை. இடுப்பில் செருகப் போனவரை அண்ணன் நிறுத்தினார்.

"இரு. எனக்குச் செவப்பு தெரியாது. ரயில்ல என்னை எறக்குனதே அதுக்குத்தான். இது காந்தத்தையும் வாசனையையும் வெச்சு அடிச்ச கத்தி. தெரிஞ்சிக்கினு வாங்கு."

ஏழுமலை கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அதைக் கீழே வைத்திருந்தால் அண்ணன் பிழைப்பு அன்றோடு சரி. "மோப்பம் புடிச்சா அடிச்ச?" என்று சிரித்தபடி செருகிக்கொண்டு போனார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "அவரு கேட்டாரா? நீங்களே எதுக்குண்ணே சொல்றீங்க?"

அண்ணன் சட்டியிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டே சொன்னார்: "மரத்துல ஏறுறவன் உசுரு விசயம். நீ அன்னிக்கி போர்மேன்கிட்ட சொன்ன இல்ல, அதுமாரிதான்."

எப்போது தெரிந்தது, யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நான் குற்றமென்று ஒளித்து வைத்ததை அவர் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். கேட்காமலே உண்மையைச் சொல்ல அவரைப் பார்த்து நான் படிக்கத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஷெட் நண்பர்களே, போர்மேனிடம் சொன்னவன் நான்தான்.