பிணவாசல் வழியாக ரொட்டி வாங்கப் போனவள்

என் காபிக்கடைக்கு நேர் எதிரே பால்மீராவின் வீடு. கல்சுவரில் அகலமான வளைவு வாசல் ஒன்று. அதை ஒட்டியே, தெருவிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒடுக்கமாக இன்னொரு வாசல். அந்தச் சின்ன வாசலைச் செங்கல் வைத்து அடைத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. எங்கள் இத்தாலிய ஊர் மொந்தெஸ்பினோவில் அதற்குப் பிணவாசல் என்று பெயர். அந்தக் காலத்தில் வீட்டில் யாராவது செத்தால் அந்த வழியாக வெளியே எடுத்துவிட்டு, சாவு திரும்பி உள்ளே வராதபடி உடனே அடைத்துவிடுவார்களாம். உயிரோடு அதைத் தாண்டுகிறவர் ஒரு வருடத்துக்குள் பிணமாகத் தாண்டுவாராம். உண்மையோ பொய்யோ, அந்தச் சுவரைக் கடக்கும்போது எங்கள் கை தானாகச் சட்டைப்பைச் சாவியைத் தொட்டுக்கொள்ளும். இரும்பைத் தொட்டால் எதுவும் அண்டாது.

இந்தக் கதையை வைத்துத்தான் ஜில்டா பிழைத்தாள். ஊர் சுற்றிக் காட்டுகிறவள். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை இழுத்து வருவாள். கோட்டையை வேகமாக முடித்துவிடுவாள், கிணற்றடியில் கொஞ்சம் நிற்பாள், இங்கே வந்ததும் குரலை இறக்கிக்கொள்வாள். வெளிநாட்டுப் பெண்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். பிறகு என் கடையில் வந்து உட்கார்ந்து ஆளுக்கு ஒரு காபி குடிப்பார்கள். எனக்கு என்ன நஷ்டம்?

மேலே ஜன்னலில் பீன்ஸ் உரித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்கிறவள் பால்மீரா. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. அறுபதைத் தாண்டியவள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ஊரில் மீசை வைத்த ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் அவள் கரண்டிக்குத் தட்டை நீட்டி வளர்ந்தவர்கள். புருஷன் நெல்லோ போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது. வீட்டின் மேல்தளம் அவளுக்கு. கீழ்த்தளம் நெல்லோவின் தம்பிக்கு, அவனுக்குப் பிறகு அவன் மகன் லோரிஸுக்கு.

கீழே கோவேறு கழுதை கட்டிய காலத்திலிருந்தே மேலே போகிற படிக்கட்டுக்கு வழி உள்ளேதான். அகல வாசலில் நுழைந்து, கீழ்த்தளத்தைத் தாண்டி, பின்சுவரில் உள்ள திறப்பு வழியாகப் படி ஏற வேண்டும். லோரிஸ் அங்கே கடை போட்டான். பிளாஸ்டிக் வாள், தகரத் தலைக்கவசம், பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம், இல்லாத வம்சங்களின் கொடி. அன்றுமுதல் பால்மீரா முட்டைக்கோஸ் வாங்கி வந்தாலும் வாள்களுக்கு நடுவேதான் தன் வீட்டுக்குப் போக வேண்டும். கடை பூட்டியிருந்தால் லோரிஸ் வந்து திறக்கும்வரை என் கடையில் உட்கார்ந்திருப்பாள்.

அவனுக்கு மேல்தளமும் வேண்டும். சுற்றுலாக்காரர்களுக்கு அறை கட்டி வாடகைக்கு விட்டால் கடையில் வருவதைப்போல நாலு மடங்கு வரும். முதலில் தேனாகப் பேசினான். ஒருநாள் என் கடையிலேயே, நாலு பேர் முன்னால், தேன் தீர்ந்துவிட்டது.

"பெரியம்மா, இந்த ஊர்ச் சுவருக்குள்ள இனிமே யார் குடியிருக்காங்க சொல்லு? ஃபொலிஞ்ஞோவில உன் தங்கச்சி இருக்கா, லிஃப்ட் வெச்ச வீடு. போய் நிம்மதியா இரேன்."

"நான் நிம்மதியாத்தான்டா இருக்கேன். உனக்குத்தான் அரிக்குது."

"கடைக்குள்ள ஆள் போய் வர்றது இனிமே சரிப்படாது. சாமான் திருட்டுப் போகுது. பின்னால சுவர் எழுப்பப் போறேன்."

"என்னைத் திருடிங்கறியா? உன் தகரச் சட்டியத் தலையில கவுத்துக்கிட்டு நான் எங்கடா போவேன்?"

கடையே சிரித்தது. லோரிஸ் சிரிக்கவில்லை. "கோர்ட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அவன் சொன்னதில் விஷமம் இருந்தது. எங்கள் நாட்டில் வழி உரிமைக்கு வழக்குப் போட்டால் தீர்ப்பைப் பேரப்பிள்ளைகள்தான் கேட்பார்கள். பால்மீராவுக்குப் பேரப்பிள்ளையும் இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு மாற்று இருந்தது. அடைத்துக் கிடக்கும் சின்ன வாசலுக்குள்ளிருந்து ஓர் ஒடுக்கமான நடைவழி சுவரோரமாக அவள் படிக்கட்டின் அடிக்குத்தான் போகிறது. அதைத் திறந்துகொள்ள அனுமதி கேட்டு நகராட்சிக்குப் போனாள். பாரம்பரியச் சின்னத்தில் ஒரு கல்லைக்கூடத் தொட முடியாது என்று விரட்டிவிட்டார்கள். திரும்பி வந்து என்னிடம் பொருமினாள்: "குயின்தோ, செத்தவளுக்கு ஒரு வாசல் வெச்சிருக்காங்களாம். உயிரோட இருக்கறவளுக்கு ஒண்ணும் கிடையாதாம். என்னை என்னன்னு நெனச்சானுங்க?"

 நான் என்ன செய்ய முடியும், ஒரு காபியைக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை பையைத் தூக்கிக்கொண்டு, லோரிஸ் பார்க்கும்படி கடை வழியாக வெளியே வந்தாள். தங்கை வீட்டுக்குப் போவதாக அவனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். மறுநாள் கடைக்கு விடுமுறை. லோரிஸ் கொத்தனார் எவாரிஸ்தோவை அழைத்து வந்து பின்சுவர்த் திறப்பைத் தரையிலிருந்து விதானம் வரை அடைத்துப் பூச வைத்தான். எவாரிஸ்தோ வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கிளாஸ் கிராப்பா சாராயம் குடித்துவிட்டுப் போனான். எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஜில்டா முதல் கூட்டத்தோடு வந்தாள். குடையை மடக்கினாள். குரலை இறக்கினாள். உயிரோடு தாண்டுகிறவர் என்று அவள் ஆரம்பித்ததும் சுவருக்குள்ளிருந்து டொம் என்று ஒரு சத்தம். ஜில்டா நிறுத்தினாள். மறுபடியும் டொம். பிணவாசலின் நடுவே ஒரு செங்கல் அசைந்து, துருத்திக்கொண்டு, தெருவில் விழுந்தது. ஒரு பெண் அலறினாள். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் இதுவும் டிக்கெட்டில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார். நான் சாவியைத் தேடினேன், அது கல்லாவில் தொங்கியது, போய்க் காபி இயந்திரத்தைக் கட்டிப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

ஓட்டை பெரிதாக ஆக உள்ளே ஒரு சுத்தியல் தெரிந்தது, பிறகு மாவு பூசினதுபோல் வெளுத்த ஒரு முகம்.

"ஜில்டா, கொஞ்சம் ஒதுங்கி நில்லும்மா, கால்ல கல்லு விழுந்துடப் போகுது" என்றாள் பால்மீரா.

ஞாயிறு சாயங்காலமே அவள் திரும்பி வந்துவிட்டாள். கடையில் கூட்டம் நெரிந்தபோது வாள்களுக்கு நடுவே புகுந்து மேலே ஏறியிருக்கிறாள். எவாரிஸ்தோவின் பூச்சுக்கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பீன்ஸ் உரித்தாளாம். அவன் பூசி முடிக்கட்டும் என்று மூச்சுக் காட்டாமல் காத்திருந்தாளாம்.

நகராட்சிப் போலீஸ் அமில்காரே மூச்சிரைக்க ஓடி வந்தான். அதற்குள் அவள் வாசல் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தாள்.

"பால்மீரா அக்கா, என்ன காரியம் பண்ணிட்டீங்க! இது சின்னம்! அபராதம் எழுதணும்!"

"எழுதுடா. உள்ளே வெச்சுச் சுவர் எழுப்பிட்டான். வெளிய வர எனக்கு வேற எந்த வழி இருக்கு, காட்டு. ஜன்னல்லேர்ந்து குதிக்கவா? உனக்குப் பட்டாணி தொண்டையில இறங்காதுன்னு தினம் பொறுக்கி எடுத்துட்டுத் தட்டு வெச்சவ நான். எழுது, பேர் தெரியுமில்ல?"

அமில்காரே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். உள்ளே ஆள் இருக்கும்போது வழியை அடைத்தது லோரிஸ், அனுமதி எதுவும் வாங்காமல் அடைத்தது. அபராதம் எழுதினால் அவன் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும். பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பால்மீரா தெருவில் குதித்தாள். கூட்டம் பின்வாங்கியது. எங்களில் பாதிப்பேர் வாயைப் பொத்திக்கொண்டோம். அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைத் தட்டினாள், செங்கல் தூசு பறந்தது.

"என்ன எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க? நான் ரொட்டி வாங்கப் போறேன்."

போனாள், வாங்கினாள், அதே வாசல் வழியாக ஏறி உள்ளே போனாள். ஏறுவதற்கு நான்தான் நாற்காலி போட்டேன்.

லோரிஸுக்கு விஷயம் தெரிந்து வந்தபோது அவள் ஜன்னலில் இருந்தாள். அவன் தெருவில் நின்று கத்தினான்: "தாண்டிட்டே இல்ல? ஒரு வருஷம்! அப்புறம் இதே வாசல் வழியா உன்னைத் தூக்கிட்டுப் போவாங்க, பாரு!"

பால்மீரா ஜன்னலில் பாதி உடம்பு வெளியே வர எட்டினாள். "இது உயிரோட இருக்கறவ போற வாசல்டா. செத்தா நான் உன் கடை வழியாத்தான் போவேன். அகலக் கதவு ரெண்டையும் நீயே பிடிச்சுக்கிட்டு நிப்பே. குயின்தோ, கேட்டுக்கோ! ஜில்டா, நீயும் கேட்டுக்கோ!"

கேட்டுக்கொண்டோம். ஊரே கேட்டது.

திரும்ப அடைக்கச் சொல்லி நகராட்சி உத்தரவு போட்டது. எந்தக் கொத்தனாரும் வரவில்லை. எவாரிஸ்தோ வந்தான், ஆனால் அடைக்க அல்ல. மரப்படி செய்து வைத்தான், கனமான செஸ்நட் மரத்தில் நிலையும் கதவும் போட்டான், நடைவழி நெடுக இரும்புக் கைப்பிடி பதித்தான். ஏற்கெனவே ஒடுக்கமான வாசல் இன்னும் ஒடுங்கியது. பால்மீரா பக்கவாட்டில்தான் நுழைய வேண்டியிருந்தது.

"அக்கா, இவ்வளவு தடிப்பா நிலை எதுக்கு?" என்று கேட்டேன்.

"காத்து வருது" என்றாள்.

ஊர் அந்த ஒரு வருடத்தை எண்ணியது. அவள் இருமினால் மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து பார்ப்பார். ஜில்டாவின் பாடுதான் திண்டாட்டம். உயிரோடு தாண்டுகிறவர் என்று அவள் சொல்லும்போதே பால்மீரா பக்கவாட்டில் வெளிப்படுவாள், குப்பைப் பையோடு.

"அக்கா, அஞ்சு நிமிஷம் பொறுத்து வரக்கூடாதா? கதை முடியட்டுமே!"

"உன் கதை முடியறதுக்குள்ள குப்பை வண்டி போயிடும்மா."

கூட்டம் சிரிக்கும், அவளோடு போட்டோ எடுத்துக்கொள்ளும். வருடம் முடிந்த அன்று அவள் வாசல் படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஒயின் ஊற்றிக் கொடுத்தாள். உயிரோடு இருப்பதே ஒரு சண்டைபோல அவள் முகத்தில் தெரிந்தது. அந்தச் செய்தி படத்தோடு பரவி, ஊருக்கு இரட்டிப்பாக ஆள் வரத் தொடங்கியது. அப்போது விழித்துக்கொண்ட நகராட்சி, விரட்டின அதே வாயால் புகழ்ந்தது. வாசலின் நிலை, கதவு, படி, கைப்பிடி என்று ஆணி மிச்சம் வைக்காமல் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பதிந்து பித்தளைப் பலகையும் மாட்டியது. பால்மீரா அந்தப் பலகையில் தரைத் துணியைக் காயப் போட்டாள்.

பிறகும் பல வருடம் அந்த வழியாகவே போய் வந்தாள். ஓர் ஆகஸ்டில், பழங்கால உடை போட்டு முரசடித்து ஊரே ஆடுகிற திருவிழா வாரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் கடையை அடைத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

லோரிஸின் கடையில் அந்த வாரம் நிற்க இடமில்லை. கறுப்புப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு வந்து சொன்னான்: "பிணவாசல்தானே, பிணம் அந்த வழியாவே போகட்டும். மரியாதையா இருக்கும்."

மேயருக்கும் அதுதான் ஆசை. கேமராக்காரர்கள் ஏற்கெனவே தெருவில் நின்றார்கள். கட்டிவிட்ட கதை அன்று நிஜமாகிவிடும், அவள் இத்தனை வருடம் நடந்ததெல்லாம் வீணாகிவிடும் என்று நான் பயந்தேன்.

சவப்பெட்டிக்காரர் மேலே போய் அளந்தார். கீழே வந்து வாசலை அளந்தார். மறுபடி மேலே போனார். அவள் உடம்பு கனத்தது, பெட்டி அதைவிட அகலம்.

"வராது. கைப்பிடியும் இடிக்குது, நிலையும் இடிக்குது."

"நிலையப் பேர்த்து எடுங்க" என்றான் லோரிஸ்.

அமில்காரே முன்னால் வந்தான். கண் சிவந்திருந்தது, தொப்பி நேராக இருந்தது. "தொட முடியாது லோரிஸ். சின்னம். நிலை, கதவு, கைப்பிடி, எல்லாம் பதிவாயிருக்கு. ஒரு ஆணி எடுக்கணும்னாலும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுப் பதில் வரணும். மேயர் இங்கதானே இருக்கார், கேட்டுக்கோ."

மேயர் தன் காலணியைப் பார்த்தார்.

"ஆகஸ்ட் வெயில். காத்திருக்க முடியாது" என்றார் சவப்பெட்டிக்காரர்.

"பின்னால ஒரு சுவர் இருக்கு" என்றான் அமில்காரே. "அது சின்னம் இல்ல. அனுமதி வாங்கிக் கட்டினதும் இல்ல."

யாரும் லோரிஸைப் பார்க்கவில்லை, எல்லோரும் எவாரிஸ்தோவைப் பார்த்தோம். அவன் சுத்தியலோடுதான் வந்திருந்தான். "நான் கட்டினது. நானே இடிக்கறேன்" என்றான். அப்போதுதான் எனக்கு அந்தத் தடித்த நிலை புரிந்தது. அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்து மூக்கு ஒழுகியது. காற்றாம், காற்று!

தலைக்கவச அடுக்குகளை ஓரம் தள்ளினோம். சுவர் விழுந்த தூசில் காந்தங்களெல்லாம் வெளுத்தன. பால்மீரா தன் பழைய வழியாகவே இறங்கி, வாள்களுக்கு நடுவே, எங்கள் ஆறு பேர் தோளில் வந்தாள். தூக்கினவர்கள் எல்லோருமே அவள் கையால் சாப்பிட்டவர்கள். மூலையில் மோதி ஒரு தகரக் கவசம் உருண்டு தெருவரைக்கும் போனது. அகலக் கதவில் ஒன்று காற்றில் மூடிக்கொண்டே வந்ததால் யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் கையெல்லாம் பெட்டியில். லோரிஸ் இரண்டு கதவையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேல்தளத்தை அவள் தங்கை மகளுக்கு எழுதி வைத்திருந்தாள். அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு குடிவந்துவிட்டாள். பிள்ளைகள் சின்ன வாசலிலிருந்து தெருவுக்குக் குதித்துப் பள்ளிக்கூடம் ஓடுகின்றன.

ஜில்டா இன்றும் கூட்டத்தோடு வருகிறாள். பித்தளைப் பலகையைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் கேட்பார், பிணவாசல் இதுதானா என்று.

"இல்லைங்க, இது பால்மீரா ரொட்டி வாங்கப் போற வாசல்" என்பாள். பிறகு மஞ்சள் குடையை நீட்டி லோரிஸின் கடையைக் காட்டுவாள். "பிணம் போன வாசல் அது."

கூட்டம் கடைக்குள் நுழையாமல் தள்ளி நடக்கும். நாங்களும் இப்போது அங்கேதான் சாவியைத் தொட்டுக்கொள்கிறோம்.