போகும்போது மெதுவாக, வரும்போது வேகமாக

அண்ணன் மறைந்து ஓராண்டு. இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னதும் வழக்கம்போல அண்ணனைத்தான் தேடினேன். இப்படிப்பட்ட நேரங்களில் எழுதித் தருபவர் அண்ணன்தான்.

எப்போதும்வென்றான் கிராமத்தில் பிறந்தவர். மழை பொய்த்த பருத்திக் காட்டை நம்பாமல் படித்து, பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். அங்கே மாணவர்களைச் சேர்த்து ஒரு பேண்டு அமைத்தார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் நூறு வருடத்துக்கு முன் வாசித்த ஜாஸ் இசையை, பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அப்படியே வாசிப்பார்கள். டிரம்பெட், கிளாரினெட் எல்லாம் கோவில்பட்டிக் கல்யாண பேண்டு செட்டுகளிடம் பழையதாக வாங்கியவை. பெரிய டிரம்முக்கு ஆள் கிடைக்காமல், தீப்பெட்டி ஆலையில் மேலாளராக இருந்த என்னை இழுத்துப் போட்டார். பயம் வந்தால் என் கை தாளத்தை முந்திக்கொண்டு ஓடும். மேடை ஏறினாலே பயம் வரும். "ஏலே, மெதுவா. நாயா வெரட்டுது?" என்பார்.

அந்த இசை பிறந்த ஊரில் சாவுக்கு ஒரு முறை உண்டு. போகும்போது மெதுவான பாட்டு. அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல் பாட்டு. புற்றுநோய் குரலைத் தின்ற பிறகும் அண்ணன் தாளில் எழுதி என்னிடம் கேட்டது அதைத்தான். "எனக்கும் அப்படியே வாசிக்கணும். பயத்துல நீ மாத்தி அடிச்சிராத."

அண்ணன் இறந்த அன்று இதைச் சொன்னபோது தாய்மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "போகும்போது அடிங்கடே. சுடுகாட்டுலேருந்து ஆட்டம்பாட்டமாவா வருவாவ? ஊரு சிரிக்கும்." எனக்கும் உள்ளூர அதே பயம். மாமா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டேன்.

போகும்போது என் கை ஓடவேயில்லை. கிளாரினெட் மாணவன் காதருகே வந்து, "சார், ரொம்ப மெதுவா போகுது" என்றான். மயானம் வந்துவிடுமே என்று எனக்கு.

திரும்பும்போது டிரம்தான் முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் மாமாவைப் பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "என்னைய ஏம்டே பாக்க? அவன் கேட்டத அடி" என்றார்.

அடித்தேன். தெரு திரும்புவதற்குள் கை ஓடிவிட்டது. பிள்ளைகள் மூச்சிரைக்கத் துரத்தினார்கள். பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அதட்ட ஆள் இல்லை.

மருத்துவமனையில் உடன் இருந்தவர்கள், தோள் கொடுத்தவர்கள், மதினிக்குத் துணையாகத் தங்கியவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பேண்டுப் பிள்ளைகளே, உங்களுக்கும். இன்று நினைவு நாளிலும் வாசிக்கிறோம். என் கை ஓடினால் உங்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுங்கள்.