அப்பா ஊர் ஏரி

எங்கள் நல்லம்பள்ளிப் பக்கத்து ஆண்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியோடு போகாத ஊர் இந்த நாட்டில் இருக்காது. அந்த வருஷம் அப்பா ராஜஸ்தானுக்குப் போயிருந்தார். அங்கே குடிக்கவே தண்ணீர் கிடையாது என்று யாரோ கொளுத்திப்போட, அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "பொழப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், வந்துடச் சொல்றேன்" என்று அவள் போனை எடுத்தபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துத்தானா மாமா வரவேண்டும்! அம்மாவின் தம்பி. புதுப் போன் வாங்கியதிலிருந்து உலகமே அவர் சட்டைப்பையில் இருந்தது. செயற்கைக்கோள் படத்தில் முதலில் எங்கள் ஊர் ஏரியைக் காட்டினார். முழுக்கச் சீமைக்கருவேலம். பிறகு விரலால் தள்ளித் தள்ளி அப்பா இருக்கும் இடத்துக்குப் போனார். பாலைவனத்துக்கு நடுவே வெள்ளைவெளேரென்று ஏரிகள்! ஓரத்தில் நீலமும் ரோஸும் வேறு.

"அக்கா, இங்க பாரு. மச்சானுக்கு ஏரிக்கரையிலதான் வேலை. சும்மா தளும்புது!"

ஏரி நிரம்பினால் மடையில் பொங்கல் வைக்கிற ஊர் எங்களுடையது. அம்மா அந்தப் போனையே கும்பிட்டாள். உடனே அப்பாவை அழைத்து, "ஏங்க, அங்க ஏரி ரொம்பியிருக்குதாமே?" என்றாள்.

அப்பா, "ஆமா, ரொம்பித்தான் கெடக்குது" என்றார்.

"அப்ப மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிட்டுக்குங்க. வேலைய முடிச்சிட்டே வாங்க."

போச்சு! வரவிருந்த அப்பாவை அந்தப் பாழாய்ப்போன ஏரி பிடித்து வைத்துக்கொண்டது. கோபத்தில் மாமாவோடு நான் பேசவேயில்லை.

தீபாவளிக்குத்தான் அப்பா வந்தார், உதடெல்லாம் வெடித்துப்போய். "ஏரியில மீனு கெடைக்குதா மச்சான்?" என்று மாமா கேட்டதும் சிரித்துவிட்டார்.

"மீனா? அது பூரா உப்புடா. நாங்க போட்ட போர்லயும் உப்புத்தான். சொன்னா உங்கக்கா அன்னிக்கே வரச் சொல்லியிருப்பா."

அம்மா கொடுத்த சொம்பை அண்ணாந்து மடமடவென்று குடித்தார். எங்கள் ஊர்த் தண்ணீரும் லேசுப்பட்டதல்ல. விருந்தாளிகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். அப்பாவோ, "தேனாட்டம் இருக்குது. இன்னும் கொஞ்சம் குடு" என்றார்.

நானும் மாமாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். சொம்போடு உள்ளே போன அம்மா ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் மொள்ள இவ்வளவு நேரமா என்று நான் வாசலிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன்.